டோக்கன் முரண்டு பிடித்தால்: டிஜிட்டல் கையெழுத்துக் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

சேலம் அஸ்தம்பட்டியில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், கொஞ்சம் கம்ப்யூட்டர் சர்வீஸ். மாதம் 20-ஆம் தேதி வந்தால் கூட்டம் தானாகச் சேர்ந்துவிடும். ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள் அது. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்காரர், ஆத்தூர் பக்கத்துச் சேகோ ஆலைக் கணக்கர், ஏற்காட்டு எஸ்டேட் ரைட்டர் என்று ஆளாளுக்கு ஒரு டோக்கனை, அதாவது டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் இருக்கும் யூஎஸ்பி குச்சியை, சட்டைப்பையிலிருந்து எடுப்பார்கள். எல்லோரும் சொல்வது ஒன்றேதான்: "நேத்து வரைக்கும் நல்லா இருந்ததுங்க."

நேற்றுவரை ஓடியது இன்று நின்றுபோனால் காரணம் பெரும்பாலும் அற்பமாகத்தான் இருக்கும். பதற்றத்தில் எல்லாவற்றையும் அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, அதற்குப் பிறகு கடைக்கு வருவதுதான் வேலையை இழுத்துவிடுகிறது. கீழே உள்ளதை முழுக்கப் படிக்க வேண்டாம். உங்கள் திரையில் தெரிவது எந்தத் தலைப்போடு ஒத்துப்போகிறதோ அங்கே போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாத வேலை முதலில், செலவு வைப்பது கடைசியில்.

ஒரு விஷயம் மட்டும் முதலிலேயே. உங்களுடையது தனிநபர் தொழில் என்றால் ஜிஎஸ்டி தாக்கலுக்கு டோக்கனே தேவையில்லை, மொபைலுக்கு வரும் ஓடிபி போதும். கம்பெனிக்கும் எல்எல்பிக்கும் (வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை) தான் டிஎஸ்சி, அதாவது டோக்கனில் இருக்கும் டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ், கட்டாயம். இது தெரியாமல் மூன்று மணி நேரம் டிரைவரோடு மல்லுக்கட்டியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

## டோக்கனைச் சொருகினால் ஒன்றுமே நடக்கவில்லை

டோக்கனில் விளக்கு எரிகிறதா பாருங்கள்.

விளக்கு எரியவில்லை. கேபினெட்டின் முன்பக்கத் துளையை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் சொருகுங்கள். ஹப், எக்ஸ்டென்ஷன் வயர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். அப்புறம் டோக்கனின் உலோக முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஏற்காட்டிலிருந்து ஒரு ரைட்டர் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்த டோக்கனில் நான்கு தங்கநிறத் தகடுகளில் இரண்டு பாசி படிந்ததுபோல் பச்சையாக இருந்தன. மழைக்காலம் முழுக்க மேஜை டிராயரில் கிடந்திருக்கிறது. மலைப் பனியும் ஈரமும் போதாதா? பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்துச் சொருகியதும் விளக்கு வந்தது. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்த மனிதருக்கு வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்ததில் கொஞ்சம் ஏமாற்றம்கூட. டீ குடித்துவிட்டுத்தான் போனார்.

விளக்கு எரிகிறது, ஆனால் சான்றிதழ் தெரியவில்லை. டிரைவர் இல்லை, அல்லது தவறான டிரைவர். டோக்கனின் மேலேயே பெயர் இருக்கும்: ஈபாஸ் 2003, ப்ராக்ஸ்கீ, எம்டோக்கன் என்று. ஒன்றின் மென்பொருள் மற்றதைப் படிக்காது. 'எதற்கும் இருக்கட்டும்' என்று எல்லாவற்றையும் ஏற்றி வைக்காதீர்கள். எது முந்துவது என்று அவை அடித்துக்கொள்ளும். பல டோக்கன்கள் சொருகியதும் மை கம்ப்யூட்டரில் ஒரு சிடி டிரைவ் போலத் தெரியும். டிரைவர் அதற்குள்ளேயே இருக்கும். அங்கே இல்லாவிட்டால் டோக்கன் வாங்கிய இடத்தில் கேளுங்கள்.

டிரைவர் சரியாக இருந்தும் தெரியவில்லை என்றால், விண்டோஸில் சர்வீசஸ் பட்டியலைத் திறந்து 'ஸ்மார்ட் கார்டு' என்ற சர்வீஸ் ஓடுகிறதா பாருங்கள் (விண்டோஸ் உங்கள் டோக்கனை ஒரு ஸ்மார்ட் கார்டாகத்தான் பார்க்கும்). நின்றிருந்தால் ஸ்டார்ட் கொடுத்து, ஆட்டோமேட்டிக் என்று மாற்றிவிடுங்கள்.

எஸ்டேட்டில் சொருகியிருக்கிறது, சேலத்திலிருந்து ஆடிட்டர் பார்த்தால் தெரியவில்லை. இது தனி ரகம். விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே போனால், அந்தப் பக்கக் கம்ப்யூட்டரில் சொருகிய டோக்கன் கண்ணுக்குத் தெரியாது. ரிமோட் டெஸ்க்டாப்பின் வேலைமுறையே அப்படித்தான்: உட்கார்ந்திருப்பவர் பக்கத்து ஸ்மார்ட் கார்டைத்தான் அது தேடும். எனிடெஸ்க் போல, திரையை அப்படியே காட்டும் ஒன்றைப் பயன்படுத்துங்கள். பின் எண்ணை மட்டும் டோக்கன் இருக்கும் இடத்து ஆளே தட்டட்டும்.

விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு நின்றுபோனது. 2025 அக்டோபர் பாதுகாப்பு அப்டேட்டில் ஸ்மார்ட் கார்டுச் சாவிகளை (கையெழுத்துப் போடப் பயன்படும் ரகசிய எண்களை) கையாளும் முறை மாறியது. பழைய முறையை எதிர்பார்க்கும் மென்பொருள்களில் கையெழுத்து விழாமல் போனது அதன் பிறகுதான். டோக்கன் டிரைவரின் புதிய பதிப்பைப் போடுங்கள். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புப் பதிவேட்டில்) கைவைத்து வீட்டில் முயல வேண்டாம். அதற்கு ஆள் கூப்பிடுங்கள்.

வேறு இரண்டு கம்ப்யூட்டரில், சரியான டிரைவரோடு சொருகியும் விளக்கு வரவில்லையென்றால் டோக்கன் செத்துவிட்டது. உள்ளே இருக்கும் சாவியை யாராலும் வெளியே எடுக்க முடியாது. அப்படி எடுக்க முடியாதபடி செய்வதற்காகத்தான் அந்தச் சில்லே. "ரெகவரி பண்ணித் தரேன்" என்று யாராவது காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். புது டோக்கன், புதுச் சான்றிதழ், மறுபடி வீடியோ சரிபார்ப்பு. வேறு வழி இல்லை.

## பின் எண் தவறு என்கிறது

இரண்டு முறை தவறானால் கையை எடுத்துவிடுங்கள். மூன்றாவதாக ஊகித்துத் தட்டாதீர்கள். எத்தனை தவறுக்குப் பூட்டிக்கொள்ளும் என்பது டோக்கனுக்கு டோக்கன் மாறும்.

கேப்ஸ் லாக், நம் லாக் இரண்டையும் பாருங்கள். நோட்பேடில் அந்த எண்ணைத் தட்டிப் பார்த்தால் விசைப்பலகை ஒழுங்காக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பிறகு, சான்றிதழை முதன்முதலில் இறக்கிக்கொடுத்தவரைக் கேளுங்கள். பலருக்கு அந்த ஆரம்ப எண்ணே இன்னமும் மாற்றப்படாமல் இருக்கிறது. 1 முதல் 8 வரை வரிசையாக. இதுதான் உங்கள் எண்ணும் என்றால், உள்ளே போனதும் முதல் வேலையாக மாற்றுங்கள்.

பூட்டிக்கொண்டதா? டோக்கன் மென்பொருளில் 'இனிஷியலைஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைத் தொடாதீர்கள். பூட்டு திறக்கும், உண்மைதான். கூடவே உள்ளே இருக்கும் சான்றிதழும் சாவியும் துடைத்தெடுத்தாற்போல் போய்விடும். ஒரு கொலுசுக் கடையில் கல்லூரி முடித்த மருமகன் 20-ஆம் தேதி சாயங்காலம் அதை அழுத்திவிட்டு, "மாமா, இப்ப பின் கேக்கவே இல்ல, சரியாயிருச்சு" என்றிருக்கிறார். பின் கேட்காததற்குக் காரணம், கேட்க உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. அடுத்த நாள் காலை மாமாவும் மருமகனும் தனித்தனி வண்டியில் கடைக்கு வந்தார்கள்.

சில டோக்கன்களில் நிர்வாகப் பின் என்று இரண்டாவது எண் உண்டு. அது விற்றவரிடம் இருந்தால் உள்ளிருப்பதை அழிக்காமலேயே பூட்டைத் திறக்கலாம். ஆகவே பூட்டிக்கொண்டதும் போன் போக வேண்டியது டோக்கன் விற்றவருக்கு.

## பின் ஏற்கிறது, ஆனால் தளத்தில் கையெழுத்து விழவில்லை

இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் காலாவதி. சான்றிதழ் ஒன்று முதல் மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும். டோக்கன் மென்பொருளைத் திறந்து சான்றிதழை இரண்டு முறை சொடுக்கினால் முடியும் தேதி தெரியும். எங்கோ பழைய 'கிளாஸ் 2' ஒன்றை வைத்துக்கொண்டு இன்னமும் வருகிறார்கள். 2021 ஜனவரி 1 முதல் அந்த வகை வழங்கப்படுவதே இல்லை, இப்போது கிளாஸ் 3 மட்டும்தான்.

அடுத்து, புதுப்பித்தீர்களா? பாதிப்பேர் இங்கேதான் மாட்டுகிறார்கள். புதுப்பித்தது உங்களுக்குத் தெரியும், தளத்துக்குத் தெரியாது. ஜிஎஸ்டி தளம், வருமான வரித் தளம், டெண்டர் தளம் என்று ஒவ்வொன்றிலும் உங்கள் புரொஃபைலுக்குள் போய்ப் புதுச் சான்றிதழைத் தனித்தனியாகப் பதிய வேண்டும். ஜிஎஸ்டியில் பதியும்போது சான்றிதழில் உள்ள பான் எண்ணும், கையெழுத்திட அனுமதி பெற்றவரின் பான் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்பா பெயரில் பதிவு, மகன் பெயரில் டோக்கன் என்றால் எத்தனை தடவை ரீஸ்டார்ட் செய்தாலும் நடக்காது.

மூன்றாவது, இடையில் நிற்கும் மென்பொருள். உலாவி நேரடியாக டோக்கனைத் தொடாது. ஜிஎஸ்டிக்கு எம்சைனர், வருமான வரிக்கு எம்பிரிட்ஜ் பின்னணியில் ஓட வேண்டும். எம்சைனரை வலது சொடுக்கி 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் தொடங்குங்கள். அப்படியும் தளம் 'இணைக்க முடியவில்லை' என்றால், அதே உலாவியில் புதுத் தாவல் திறந்து, முகவரியில் எச்டிடிபிஎஸ் சேர்த்து 127.0.0.1:1585 என்று தட்டுங்கள். பாதுகாப்பு எச்சரிக்கை வரும். அது வெளியுலகத்து முகவரி இல்லை, உங்கள் கம்ப்யூட்டரேதான். 'அட்வான்ஸ்டு' போய்த் தொடரலாம். பிறகு ஜிஎஸ்டி பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். ஆன்டிவைரஸ் அந்த வழியை அடைத்திருந்தால் அதில் விலக்கு கொடுக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, 'கீசெட் டஸ் நாட் எக்ஸிஸ்ட்' என்றோ 2148073494 என்ற எண்ணோடோ பிழை வந்தால், நீங்கள் தேர்ந்தெடுத்த சான்றிதழுக்கான சாவி இப்போது சொருகியிருக்கும் டோக்கனில் இல்லை. பழைய சான்றிதழ்களின் நிழல் விண்டோஸில் தங்கியிருக்கும். கண்ட்ரோல் பேனலில் இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், அதில் கன்டென்ட், அதில் சர்டிபிகேட்ஸ் போய், 'பர்சனல்' தாவலில் காலாவதியானவற்றை நீக்குங்கள். டோக்கனைக் கழற்றி வைத்துவிட்டு இந்த வேலையைச் செய்யுங்கள். தவறி நல்லதை நீக்கினாலும் டோக்கனில் உள்ளது போகாது, மறுபடி சொருகியதும் பட்டியலில் வந்துவிடும்.

இவ்வளவும் பார்த்து நடக்கவில்லையென்றால் ஆடிட்டர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் சொருகிப் பாருங்கள். அங்கே விழுந்தால் கோளாறு உங்கள் விண்டோஸில். சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள். அங்கேயும் விழாவிட்டால் சான்றிதழ் கொடுத்தவரைக் கேளுங்கள்.

## மஞ்சள் கேள்விக்குறி: 'சிக்னேச்சர் நாட் வெரிஃபைட்'

இ-ஆதார், வருமானச் சான்று, சாதிச் சான்று. இவற்றை எடுத்துக்கொண்டு, "தாசில்தார் கையெழுத்தே தப்புன்னு காட்டுதுங்க, திரும்ப விண்ணப்பிக்கணுமா?" என்று தினம் இரண்டு பேராவது கேட்பார்கள். வேண்டாம். அந்தக் கேள்விக்குறிக்குப் பொருள் 'தப்பு' அல்ல; 'இவர் யாரென்று எனக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை' என்று உங்கள் கம்ப்யூட்டர் கேட்கிறது.

முதலில் குரோமை மூடிவிட்டுக் கோப்பை அடோபி ரீடரில் திறங்கள். குரோமில் கையெழுத்துச் சரிபார்ப்பே நடக்காது. இ-ஆதார் கடவுச்சொல் கேட்டால், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், கூடவே பிறந்த ஆண்டு.

கேள்விக்குறியை வலது சொடுக்குங்கள். 'ஷோ சிக்னேச்சர் ப்ராபர்ட்டீஸ்', பிறகு 'ஷோ சைனர்ஸ் சர்டிபிகேட்'. இடப்பக்கம் ஒரு ஏணி போலப் பெயர்கள் தெரியும். அடியில் இருப்பது கையெழுத்திட்ட அதிகாரி அல்லது துறை. உச்சியில் 'சிசிஏ இந்தியா' என்று ஆண்டோடு இருக்கும். 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி, இந்தியாவில் சான்றிதழ் தரும் நிறுவனங்களுக்கு உரிமம் கொடுக்கும் கட்டுப்பாட்டாளரின் வேர்ச் சான்றிதழ் அது. பலர் அடியில் உள்ள பெயரைச் சேர்த்துவிட்டு, அடுத்த கோப்பில் மறுபடி கேள்விக்குறி வந்ததென்று திரும்பி வருவார்கள். உச்சியில் உள்ளதைத் தேர்ந்தெடுத்து, 'டிரஸ்ட்' தாவலில் 'ஆட் டு டிரஸ்டட் சர்டிபிகேட்ஸ்' கொடுங்கள். வெளியே வந்து 'வேலிடேட் சிக்னேச்சர்'. பச்சை டிக் விழும். வேரில் 2014, 2022 என்று வெவ்வேறு உண்டு. ஆகவே இன்னொரு கோப்புக்கு இன்னொரு முறை செய்ய நேரலாம், அவ்வளவுதான்.

இதை நீங்களே அரசுத் தளத்திலிருந்து இறக்கிய கோப்பில் மட்டும் செய்யுங்கள். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கோப்பை வைத்து 'டிரஸ்ட்' கொடுப்பது, முகம் தெரியாதவருக்கு வீட்டுச் சாவியைக் கொடுத்த கதை. அப்புறம், பச்சை டிக் திரையில்தான் செல்லும். பிரிண்ட் எடுத்த தாளில் டிக் இருந்தாலும் கேள்விக்குறி இருந்தாலும் அது வெறும் மை.

## சிவப்புப் பெருக்கல் குறி: கையெழுத்துக்குப் பிறகு மாற்றப்பட்டது

மஞ்சளைப் போல இதை லேசாக விடாதீர்கள். கையெழுத்து விழுந்த பிறகு கோப்பில் ஏதோ மாறியிருக்கிறது.

மோசடி என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் ஆள் நல்லவர், பழக்கம்தான் கெட்டது. ஒரு கூட்டாளி நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கு. பங்குதாரர் இரண்டு பேர், ஆடிட்டர் ஒருவர். முதல் பங்குதாரர் கையெழுத்திட்டு மெயிலில் அனுப்பினார். இரண்டாமவருக்குக் கோப்பு 14 எம்பியாக வந்தது. "இவ்வளவு பெருசா இருந்தா தளம் ஏத்துக்காது" என்று ஓர் இணையக் கருவியில் கொடுத்துச் சுருக்கினார், பக்கவாட்டில் கிடந்த மூன்றாம் பக்கத்தை நிமிர்த்தினார், பிறகு தன் கையெழுத்தைப் போட்டார். ஆடிட்டர் திறந்தபோது இரண்டாமவர் கையெழுத்து மட்டும் நன்றாக இருந்தது. முதலாமவருடையது வெறும் படமாக, சொடுக்கினால் அசையாமல் கிடந்தது. சுருக்குவது என்றால் கோப்பைப் புதிதாக எழுதுவது. பழைய கையெழுத்து அதைத் தாங்காது.

என்ன செய்யலாம்?

இடப்பக்கக் கையெழுத்துப் பலகத்தைத் திறங்கள். கையெழுத்தின் பெயர் இருந்தால் வலது சொடுக்கி 'வியூ சைன்டு வெர்ஷன்' பாருங்கள். மாற்றம் கோப்பின் வாலில் சேர்க்கப்பட்டிருந்தால், கையெழுத்திட்ட நேரத்தில் இருந்த வடிவம் அப்படியே திறக்கும். அதைச் சேமித்து அங்கிருந்து தொடரலாம். பலகத்தில் பெயரே இல்லையென்றால் கோப்பைச் சுருக்கியிருக்கிறார்கள், அல்லது 'பிரிண்ட் டு பிடிஎஃப்' கொடுத்திருக்கிறார்கள். அதை மீட்க முடியாது. முதலாமவரின் மெயிலில் உள்ள அசலை எடுத்து அதில் இரண்டாமவர் போட வேண்டியதுதான். அசலும் இல்லையென்றால் எல்லோரும் முதலிலிருந்து.

மறுபடி நேராமலிருக்க என் கடையில் நான் பின்பற்றும் வரிசை இது: திருத்தம், பக்க எண், இணைப்பு, சுருக்குதல் எல்லாம் முடித்துப் பிறகே முதல் கையெழுத்து. அதன்பின் கோப்பில் நடக்கக்கூடியது அடுத்த கையெழுத்து மட்டும். கையெழுத்திடும் சாளரத்தில் 'லாக் டாக்குமென்ட் ஆஃப்டர் சைனிங்' என்ற கட்டத்தைக் கடைசி ஆள் தவிர யாரும் டிக் செய்யக் கூடாது. முன்னவர் டிக் செய்துவிட்டால் பின்னவருக்கு இடமே கிடைக்காது.

கோப்பு வெளியாரிடமிருந்து வந்தது, அதில் பணமோ சொத்தோ சம்பந்தப்பட்டிருக்கிறது, சிவப்புக் குறி நிற்கிறது என்றால் கம்ப்யூட்டர் கடைக்கு வராதீர்கள். வக்கீலிடம் போங்கள். உயில் எழுதுபவர்களும் அப்படியே. மின்னணுக் கையெழுத்துச் சட்டம் உயிலுக்குப் பொருந்தாது, தாளும் பேனாவும் சாட்சிகளும்தான்.

## கோப்பில் திருத்தவே முடியவில்லை

சுட்டியால் ஒரு வார்த்தையைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். தேர்வாகாமல் பக்கமே நீலமானால் அது ஸ்கேன், அதாவது போட்டோ. கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்துகளைக்கூட ஓரளவு பிரித்துத் தரும். வரிக்கு வரி ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

தேர்வாகிறது, ஆனால் திருத்த விடவில்லை என்றால் கன்ட்ரோலும் டி-யும் சேர்த்து அழுத்தி, 'செக்யூரிட்டி' தாவலைப் பாருங்கள். கட்டுப்பாடு போட்டவரிடம் கேட்டு வாங்குவதுதான் முறை.

திறந்ததும் 'ப்ளீஸ் வெயிட்' என்று ஒரே பக்கம் நிற்கிறதா? கம்பெனிப் பதிவுப் படிவங்கள் பழையவற்றில் இது வரும். எவ்வளவு காத்திருந்தாலும் மாறாது. இறக்கி வைத்து அடோபி ரீடரில் திறங்கள்.

தமிழ்க் கோப்பில் நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகிறதென்றால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அரசு 2010-லேயே யூனிகோடுக்கு வந்துவிட்டாலும், பத்திரம் எழுதும் இடங்களில் பழைய கோப்புகள் இன்னும் புழங்குகின்றன. என்எச்எம் கன்வர்ட்டரில் போட்டு மாற்றலாம். யூனிகோடில் அடித்த பிடிஎஃப்பிலும் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். ஒரு பெயரைத் திருத்துவதற்காக அந்தக் கொம்பைத் துரத்துவதை விட, வேர்டு கோப்பைத் தேடிப் பிடித்துத் திருத்தி மறுபடி பிடிஎஃப் ஆக்குவது பாதி நேரத்தில் முடியும்.

## எல்லாத் தளமும் ஒரே நேரத்தில் 'பாதுகாப்பில்லை' என்கிறது

வலது மூலையில் தேதியைப் பாருங்கள். இதை நான் கடைசியில் வைத்திருந்தாலும் கடையில் முதலில் பார்ப்பது இதைத்தான். கம்ப்யூட்டர் பல வருடம் பின்னால் போயிருந்தால், உங்கள் சான்றிதழ் அதன் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. கையெழுத்து எப்படி விழும்? தேதியைச் சரிசெய்ததும் பாதிக் கோளாறு காணாமல் போகும்.

ஆனால் மறுநாள் காலை மறுபடி பின்னால் போனால் மதர்போர்டில் உள்ள வட்டப் பேட்டரி தீர்ந்துவிட்டது. மேலே ஏற்காட்டில் இடி மழைக்கு மின்சாரம் போய் வரும்போதெல்லாம் இது தலைகாட்டும். எஸ்டேட் ஆபீஸ்களில் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் போகிறார்கள், அது நியாயம்தான். பேட்டரியின் எண் 2032. கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடையிலேயே கிடைக்கும். கேபினெட்டைத் திறக்கும் முன் பிளக்கை எடுங்கள், பழையதில் எழுத்துள்ள பக்கம் எப்படி இருந்தது என்று பார்த்து வைத்துக்கொண்டு, புதியதையும் அதே பக்கமாக அழுத்துங்கள்.